மூட்டுகள் தெரியும் பாவைகள்

கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் நான். பணமும் வங்கியியலும் என்ற தாளை நடத்தும்போது மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்றே சில வெளிநாட்டு நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்று சுவிட்சர்லாந்தின் 50 ஃபிராங்க் நோட்டு. அந்நாட்டில் பணியாற்றித் திரும்பிய பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. பச்சை நிறத்தாலான அந்த நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கள்ளநோட்டு அச்சடிப்பவர்களை மலைக்கச் செய்யும் அதன் நுட்பங்களை ஆண்டுதோறும் விளக்குவேன். அதில் இருந்த பெண்ணின் முகத்தைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை; எனக்கே தெரியாது. ஓய்வுபெற்ற பின் ஒருநாள் அலமாரியைத் துப்புரவு செய்தபோது என் மனைவிதான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்து, யார் இந்த அம்மாள் என்று கேட்டார்.

தேடிப் படித்தபோது தெரியவந்தது: அவர் சோஃபி டாய்பர்-ஆர்ப். ஓவியர், சிற்பி, நடனக் கலைஞர், நெசவு வடிவமைப்பாளர், கட்டட உள்ளலங்கார வல்லுநர். எல்லாவற்றுக்கும் மேலாக, பூத்தையலும் நெசவு வடிவமைப்பும் கற்பித்த ஆசிரியை. 1918-ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த 17 மரப்பாவைகள் இன்று இருபதாம் நூற்றாண்டு நவீன கலையின் அரிய செல்வங்களாக ஜூரிச் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. என் மனைவியும் முப்பது ஆண்டுகள் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றியவர். அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை தேடியது அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

சோஃபி பிறந்தது 1889 ஜனவரி 19 அன்று, டாவோஸ் நகரில். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் உலகப் பொருளாதார மன்றத்தின் ஆண்டுக் கூட்டமும் அங்கு வந்திறங்கும் பெரும் செல்வந்தர்களுமே நம் நினைவுக்கு வருவர். அன்று அது காசநோயாளிகள் தூய காற்றை நாடிச் சென்ற மலையூர். அவருடைய தந்தை ஜெர்மனியிலிருந்து வந்து அங்கு மருந்துக்கடை நடத்தியவர். சோஃபிக்கு இரண்டு வயதானபோது அவரையும் காசநோய் கொண்டுசென்றது. பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய் அப்பென்செல் பகுதியில் உள்ள ட்ரோகன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, வெளியூரார் தங்கி உண்ணும் விடுதி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். பெண்ணின் உழைப்பில் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதைச் சோஃபி முதலில் கண்டது தன் வீட்டில்தான்.

பக்கத்து நகரமான செயின்ட் காலன் அக்காலத்தில் பூத்தையலுக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ஏற்றுமதியில் முதலிடம் வகித்தது கைக்கடிகாரமோ இயந்திரமோ அல்ல, பூத்தையல் துணிதான். அந்நகரில் துணி வடிவமைப்பு வரையக் கற்ற சோஃபி, பின்னர் மியூனிக்கிலும் ஹாம்பர்கிலும் கைவினைக் கலைப் பள்ளிகளில் பயின்றார். தறி, ஊசி, மரவேலை என எல்லாம் அவர் கைக்கு வசப்பட்டன. ஓவியக் கல்லூரியில் எண்ணெய் வண்ணம் பயின்று கலைஞரானவர் அல்லர் அவர். நூலும் மரமும் அவருக்கு முதல் மொழி.

1914-இல் போர் மூண்டதும் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார். ஜூரிச் நகரம் அப்போது ஐரோப்பாவெங்கும் இருந்து தப்பி வந்த எழுத்தாளர்கள், ஓவியர்கள், புரட்சியாளர்கள் ஆகியோரின் புகலிடமாக இருந்தது. 1915 நவம்பரில் ஒரு கண்காட்சியில், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்த ஹான்ஸ் ஆர்ப் என்ற கவிஞரும் ஓவியருமான இளைஞரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கபரே வோல்டேர் என்ற சிறு மதுக்கூட அரங்கில் தாதா இயக்கம் பிறந்தது. லட்சக்கணக்கானோரைப் பதுங்குகுழிகளில் பலியிட்ட பகுத்தறிவும் நாகரிகமும் எங்களுக்கு வேண்டா என்று கூவிய இளைஞர்களின் கலகம் அது. பொருளற்ற ஒலிகளால் ஆன கவிதையும், அட்டை முகமூடியும், கூச்சலும் அதன் ஆயுதங்கள்.

அதே 1916-இல் சோஃபி ஜூரிச் கைவினைக் கலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அடுத்த 13 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். கலகக்காரர்களின் அந்த வட்டத்தில் மாதந்தவறாமல் சம்பளம் வாங்கியவர்கள் மிகச் சிலரே. ஆர்ப்புக்கு நிலையான வருமானம் கிடையாது. காலையில் மாணவியருக்குப் பூத்தையல் கற்பித்தவர், மாலையில் ருடால்ஃப் லாபானின் பள்ளியில் நடனம் பயின்றார். 1917-இல் தாதா கலைக்கூடத்தின் தொடக்க விழாவில் மார்செல் ஜான்கோ செய்த முகமூடியை அணிந்து ஆடினார். பள்ளி நிர்வாகத்தின் கண்ணில் படக்கூடாது என்பதும் முகமூடிக்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. புரட்சி செய்தவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. அவருக்கோ இழக்க ஒரு வேலை இருந்தது. அந்த வேலையை நம்பி இருவர் இருந்தனர்.

பொம்மலாட்டம் அவரைத் தேடி வந்ததும் அந்த வேலை வழியாகத்தான். பள்ளியின் இயக்குநர் ஆல்ஃபிரட் ஆல்டெர் 1918-இல் சுவிஸ் பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கினார். சுவிஸ் வெர்க்பண்ட் என்ற வடிவமைப்பாளர் அமைப்பு ஜூரிச்சில் நடத்திய கண்காட்சியை ஒட்டி அது அமைந்தது. 'மான் அரசன்' என்ற நாடகத்துக்குப் பாவைகளையும் அரங்கக் காட்சிகளையும் வடிவமைக்கும் பொறுப்பைச் சோஃபியிடம் ஒப்படைத்தார்.

அன்றைய புதுமைக் கலைஞர்களுக்குப் பாவைகள் மீது தனி ஈர்ப்பு இருந்தது. தன்னுணர்வு இல்லாத பாவையின் அசைவில் மனித நடனக்காரரிடம் காணாத ஒயில் உண்டு என்று ஜெர்மானிய எழுத்தாளர் க்ளைஸ்ட் 1810-இலேயே எழுதியிருந்தார். நடிகர்களின் மிகை உணர்ச்சிக்கு மாற்றாகப் பாவையை முன்னிறுத்தி ஆங்கில நாடகக் கலைஞர் கார்டன் க்ரெய்க் வாதிட்டார். 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரோம் நகரில் ஃபார்ச்சுனாட்டோ டெப்பெரோ மரப்பாவைகளைக் கொண்டு ஒரு நடன நிகழ்ச்சியையே அரங்கேற்றினார். பால் க்ளே தன் மகன் ஃபெலிக்ஸ் விளையாடுவதற்காக வீட்டில் கிடந்த கந்தல், எலும்பு, மின்பொருத்திகள் ஆகியவற்றைக் கொண்டு கையுறைப் பொம்மைகள் செய்து வந்தார். போர்க்களத்தில் மனிதனே இயந்திரத்தால் இழுத்தாட்டப்படும் பாவையாகிவிட்ட காலத்தில், பாவை வெறும் குழந்தை விளையாட்டாகத் தோன்றாததில் வியப்பில்லை.

'மான் அரசன்' வெனிஸ் நகரத்து நாடக ஆசிரியர் கார்லோ கோஸ்ஸி 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய நாடகம். டெராமோ என்ற அரசன் மந்திர உச்சாடனத்தால் இறந்துபோன ஒரு மானின் உடலுக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்கிறான். வஞ்சக அமைச்சன் தர்த்தாலியா அரசனின் உடலைக் கவர்ந்துகொண்டு அரியணை ஏறுகிறான். உருவம் மாறியபின்னும் உண்மையான கணவன் யார் என்று அரசி ஆஞ்செலா இனங்கண்டுகொள்கிறாள். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஜூரிச் அரங்குக்காக இக்கதை நையாண்டியாக மாற்றி எழுதப்பட்டது. ஃப்ராய்டின் பெயரைத் தாங்கிய ஒரு மனப்பகுப்பாளர், டாக்டர் காம்ப்ளெக்ஸ், ஆதி காமத்தின் வடிவான ஒரு தேவதை ஆகியோர் புதிய பாத்திரங்களாக நுழைந்தனர். காட்சிகள் புர்க்ஹோல்ஸ்லி காட்டில் நிகழ்ந்தன. யுங் பணியாற்றிய மனநல மருத்துவமனையின் பெயர் அது. ஃப்ராய்டும் யுங்கும் பகைத்துப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

பாவை என்றால் மனித உருவத்தைப் போலச் செதுக்கி, மூட்டுகளைத் துணியால் மூடி, கூடுமானவரை உயிருள்ளதாகத் தோன்றச் செய்வதே வழக்கம். சோஃபி அந்த வழக்கத்தைக் கைவிட்டார். கடைசல் எந்திரத்தில் கடைந்த உருளை, கூம்பு, கோளம் ஆகிய வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று கோத்து உடலாக்கினார். தோளும் முழங்கையும் முழங்காலும் உலோக வளையங்களால் பிணைக்கப்பட்டன. அந்தப் பிணைப்புகளை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை. எந்தப் பாகம் எங்கே தொங்குகிறது, எந்த நூல் எதை இழுக்கிறது என்பதைப் பார்வையாளர் தெளிவாகக் காணலாம். முகங்கள் சில கோடுகளும் சில வண்ணங்களும் மட்டுமே. அரண்மனைக் காவலரைச் செய்யும்போது, ஒரே உடலில் பல கால்களையும் வாளேந்திய பல கைகளையும் பொருத்தி ஒரு படையையே ஒரு பாவையாக்கினார். மனிதர்கள் எண்களாகக் கணக்கிடப்பட்ட போரின் நான்காம் ஆண்டு முடிந்திருந்த வேளையில் அந்தப் பாவையைக் கண்டவர்களுக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்லத் தேவை இருந்திராது.

அவருடைய நடனப் பயிற்சியின் பலனும் இதில் உண்டு. உடல் என்பது எடைகளும் மூட்டுகளும் சேர்ந்த ஓர் அமைப்பு என்பதை ஆடி அறிந்தவர் அவர். மூட்டைத் துணியால் மூடினால் அசைவு மங்கும். திறந்து வைத்தால் மரத்துண்டும் நடனமாடும்.

1918 செப்டம்பரில் நாடகம் அரங்கேறியது. நடந்தவை மூன்றே காட்சிகள். அந்த ஆண்டு உலகைச் சூறையாடிய ஸ்பானிஷ் காய்ச்சல் ஜூரிச்சையும் பீடித்திருந்தது, அரங்குகள் மூடப்பட்டன. அந்தக் கொள்ளைநோய்க்குச் சுவிட்சர்லாந்து மட்டும் ஏறத்தாழ 25,000 உயிர்களைப் பறிகொடுத்தது. விலைவாசி உயர்வாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் வெகுண்ட தொழிலாளர்கள் நவம்பரில் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 48 மணி நேர வேலைவாரம், முதியோர் காப்பீடு ஆகியவற்றோடு பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. இவ்வளவு பெரிய கொந்தளிப்பில் ஒரு பொம்மலாட்டம் நின்றுபோனதை யார் பொருட்படுத்துவர்?

ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியான தம் நூலில் உழைப்பை இருவகையாகப் பிரித்தார். விற்கத்தக்க பொருளாக நிலைப்பது ஆக்கமுள்ள உழைப்பு. செய்த கணத்திலேயே மறைந்துவிடுவது ஆக்கமற்ற உழைப்பு. நடிகர், பாடகர், நடனக்காரர் ஆகியோரை இரண்டாம் வகையில் வைத்தார். அரசரையும் போர்வீரரையும் அதே வகையில் வைத்த நேர்மை அவருக்கு இருந்தது. இந்தப் பாகுபாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன்படி பார்த்தால் சோஃபியின் மாதக்கணக்கான உழைப்பு மூன்று மாலைகளில் கரைந்துபோனது. ஆனால் அந்த மூன்று மாலைகளுக்காகச் செய்த 17 பாவைகளும் நூறாண்டு கடந்து நிற்கின்றன. அன்று நிலையானவை என்று கருதப்பட்ட பல பேரரசுகள் அந்த இலையுதிர்காலத்திலேயே சரிந்துபோயின.

பாவைகளுக்குப் பிறகு அதே கடைசல் மரத்தில், தொப்பி மாட்டும் தாங்கியை ஒத்த தலைச் சிற்பங்களைச் செய்தார். தாதாத் தலைகள் என்று அவை அறியப்படுகின்றன. அவற்றில் ஒன்றின் பின்னால் பாதி முகத்தை மறைத்தபடி 1920-இல் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் மிகப் புகழ்பெற்றது. 1922-இல் ஆர்ப்பை மணந்தார். அதே ஆண்டில் ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் அலங்கார வடிவமைப்பைக் கற்பிப்பது பற்றிக் கட்டுரை எழுதினார். இயந்திரம் எல்லாவற்றையும் செய்து தரும் காலத்தில் கையால் அழகு செய்வது எதற்கு என்ற கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. அழகிய பொருளைச் செய்யும் வேட்கை, மனிதன் முழுமையை நாடும் வேட்கையோடு ஒன்றுபட்டது என்பதே அவர் கண்ட விடையின் சாரம்.

1926-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் ஓபெட் என்ற பழைய கட்டடத்தை உணவகமும் நடன அரங்கும் கொண்ட கேளிக்கைக் கூடமாக மாற்றும் பணி அவரிடம் வந்தது. கணவரையும் டச்சுக் கலைஞர் தியோ வான் டூஸ்பர்க்கையும் அவர் அதில் சேர்த்துக்கொண்டார். சுவரும் கூரையும் தரையும் ஒரே வண்ணக்கோலமாக 1928-இல் திறக்கப்பட்ட அந்தக் கூடம் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பத்தாண்டுக்குள் அவர்கள் வரைந்தவை மூடி மறைக்கப்பட்டன. பிற்காலத்தில் ஒரு பகுதி மீட்டெடுக்கப்பட்டது. எனினும் அந்தப் பணியின் வருமானம் பாரிஸ் நகரை அடுத்த பகுதியில் ஒரு வீடு கட்ட உதவியது. வீட்டை வடிவமைத்தவரும் சோஃபியே. 1929-இல், நாற்பதாம் வயதில், ஆசிரியப் பணியிலிருந்து விலகினார். தன் முழு நேரத்தையும் தன் கலைக்கே தரும் வாய்ப்பு அவருக்கு அப்போதுதான் கிட்டியது.

அந்த வாய்ப்பு 11 ஆண்டுகளே நீடித்தது. 1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது கணவனும் மனைவியும் தெற்கே கிராஸ் என்ற ஊருக்குத் தப்பிச் சென்றனர். 1942-இன் இறுதியில் மீண்டும் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்தனர். 1943 ஜனவரியில், நண்பர் மாக்ஸ் பில் என்பவரின் வீட்டில் இரவு தங்கிய சோஃபி, அறையின் அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையால் உறக்கத்திலேயே இறந்தார். ஐம்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு ஆறு நாள்கள் இருந்தன. போரிலிருந்து இருமுறை தப்பியவரை ஒரு குளிர்கால அடுப்பு கொண்டுபோயிற்று.

ஆர்ப் அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து இருபதாம் நூற்றாண்டின் பெரும் சிற்பிகளில் ஒருவராகப் போற்றப்பட்டார். தனக்கு வழிகாட்டியவர் சோஃபி என்று அவர் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றி மறந்தவர் அல்லர் அவர். ஆயினும் கலை வரலாறு நெடுங்காலம் சோஃபியை ஆர்ப்பின் மனைவியாகவே அறிந்திருந்தது. ஓவியமும் சிற்பமும் தூய கலை, தையலும் பாவையும் பயன்கலை என்ற ஏற்றத்தாழ்வு அதற்கு ஒரு காரணம். பாசல், லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்கள் ஒன்றிணைந்து அவருடைய மொத்தப் படைப்புகளையும் விரிவாகக் காட்சிப்படுத்த 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் துறையான பொருளாதாரத்துக்கும் இந்த மறதியில் பங்குண்டு. எங்கள் கணக்கில் குடும்பம் என்பது ஒரே அலகு. அதற்குள் யார் சம்பாதித்தார், யாருடைய ஓய்வு நேரத்தை யாருடைய சம்பளம் வாங்கித் தந்தது என்பதை அந்தக் கணக்கு காட்டாது. நிறுவனம் ஒரு கலைஞருக்கு உதவினால் அது கொடை. அரசு உதவினால் மானியம். மனைவியின் சம்பளம் உதவினால் அதற்குப் பெயரே கிடையாது. ஜூரிச் தாதாவின் வரலாற்றை எழுதுபவர்கள் மதுக்கூடத்தையும் கவிதையையும் கலகத்தையும் எழுதுகிறார்கள். அந்தக் கலகத்தின் ஒரு பகுதிக்கு வாடகை கட்டியது ஒரு தையல் வகுப்பு என்பது அடிக்குறிப்பில் மட்டுமே வருகிறது. சோஃபி தன் பாவைகளில் மூட்டுகளை மறைக்கவில்லை. நாம்தான் அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது மூட்டுகளைத் துணியால் மூடிவிட்டோம்.

1995 முதல் சுவிஸ் தேசிய வங்கி வெளியிட்ட ஆறு நோட்டுகளின் வரிசையில் இடம்பெற்ற ஒரே பெண் அவர். அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1971-இல்தான் அந்த நாட்டுப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையையே பெற்றனர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். வாக்குச்சீட்டில் கை வைக்க இயலாதவரின் முகம் பணத்தாளில் ஏறியது. அந்த வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு கடைவீதியில் செல்லாதவை ஆயின. ஆனால் தேசிய வங்கியிடம் கொண்டுசென்றால் காலவரம்பின்றி அவற்றின் முழு மதிப்பையும் பெறலாம்.

அந்த ஏற்பாட்டைப் படித்தபோது என் மனம் சற்றே கூசியது. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் ஊதியமில்லா விடுப்பில் இருந்த நான்கு ஆண்டுகளும் எங்கள் வீடு என் மனைவியின் தையல் ஆசிரியைச் சம்பளத்தில்தான் நடந்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி, நூலகருக்கு ஒரு பத்தி எழுதினேன். மனைவியின் பொறுமைக்கு நன்றி என்று ஒரு வரி எழுதினேன். அவர் தந்தது பொறுமையை மட்டும்தானா? குடும்பச் சேமிப்பைப் பற்றி எழுதிய அந்த ஆய்வேட்டில், அதை எழுதச் செய்த சேமிப்பு யாருடையது என்பதைக் குறிப்பிட எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வாரம் என்னிடமிருந்த பிரதியை எடுத்து, அந்த வரிக்குக் கீழே, இந்த ஆய்வுக்கான செலவு முழுவதும் என் மனைவியின் ஊதியத்திலிருந்து வந்தது என்று பேனாவால் எழுதித் தேதியிட்டேன். அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார். ஆய்வேட்டின் தட்டச்சுக் கூலிக்காக அடகுக் கடைக்குப் போன வளையல் இதில் சேர்த்தியா, இல்லையா என்று மட்டும் கேட்டார்.